விற்றவனின் பெயர்

இத்தாலியில், லிபெர்த்தா பகுதியில், ஒரு பேராசிரியர் வீட்டில் என்னோடு துப்புரவு வேலை செய்தவர் அந்த அக்கா. மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்தவர். தூசி தட்டும் புத்தகத்தின் முதல் பக்கத்தை வாசிக்காமல் வைக்கமாட்டார்.

ஒருநாள், இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் லண்டனில் அச்சான நாவலைத் திறந்தவர் கொதித்துப் போனார்.

"பார் பிள்ளை, வித்தவன்ரை பேர், அவன்ரை கடை இருந்த தெரு எல்லாம் கிடக்கு. எழுதினவள் மட்டும் 'ஒரு சீமாட்டி'யாம்!"

"அவவே மறைச்சிருப்பா அக்கா."

"ஏன் மறைக்க வேண்டி வந்தது?"

சத்தம் கேட்டு வந்த பேராசிரியரிடமும் இத்தாலியனில் அதையே கேட்டார்.

"இதை விற்ற அந்தப் பதிப்பாளரால்தான் இதற்கு மதிப்பு" என்று அவர் சிரித்தார்.

அக்கா துணியை எறிந்துவிட்டுப் போனவர், திரும்பி வரவேயில்லை.

எங்கட ஆட்கள் கூடும் தேவாலயத்தில் விசாரித்தேன். "அவவின்ரை பேர் என்ன?" என்றார்கள். ஒரு வருடம் கூடவே வேலை செய்தும் நான் கேட்டதில்லை. பேராசிரியர்மேல் இருந்த கோபமெல்லாம் என்மேல் திரும்பியது.