ரேடியோவுக்குப் பிடித்த விரல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து, எங்கள் வீட்டுக்காரர் ஒரு ரேடியோவுக்கு விரல் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் போடியில் ஏலக்காய்க்கு வாயால் விலை பேசமாட்டார்கள். இரண்டு பேர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள். இருவரும் தலையாட்டினால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. ஏலக்காய்க்குச் சரி... ரேடியோவுக்குமா? பழக்கதோஷம்! ரேடியோக்கடை தனபாலும் ஏலக்காய் வியாபாரி மகன்தானே.

"பழைய பெட்டியக் குடுத்து மேல கொஞ்சம் பணம் போட்டா புத்தம்புதுப் பெட்டி. முன்னால பச்சை வெளக்குக் கண்ணு வச்சது. ஏரியல் கம்பியே வேணாமாம், எல்லாம் உள்ளுக்குள்ளயே இருக்காம். இப்பத்தான் கடையில போட்டுக் காட்டுனான். திருச்சி ஸ்டேஷன் அடுத்த வீட்டுல பேசுற மாதிரி கேக்குது!"

"நம்ம பெட்டிய எப்ப எடுத்துட்டுப் போறாராம்?"

"நாளைக்கு மத்தியானம்."

வியாழக்கிழமைக்கு முன் அந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது.

காரணம் பவுனுத்தாயி. எங்கள் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களில் ஒருத்தி. குரங்கணி மலைக்கிராமத்துக்காரி. கை காயைப் பொறுக்கும், வாய் பாட்டை விடாது. இரண்டு மாதத்துக்கு முன் மலைப்பாட்டு தேடி வந்த ரேடியோ நிலையத்தார் அவள் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். நாளை மறுநாள், வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு, மாதர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பு என்று கடிதமும் வந்துவிட்டது. ஒரே தடவைதான். மறுபடி போடுவார்களா என்று யார் கண்டது? புருஷனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். பிறந்ததிலிருந்து பாடுகிறவள் – தன் குரலைத் தானே உட்கார்ந்து கேட்டதில்லை.

எங்கள் பழைய பெட்டி லட்சணமாக இருக்காது. வார்னிஷ் உரிந்துவிட்டது. சூடாகி வாயைத் திறக்க நேரம் பிடிக்கும். சில நாள் மண்டையில் ஒரு தட்டும் வேண்டும். ஆனால், மொட்டைமாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய கம்பியை வைத்துக்கொண்டு பட்டப்பகலிலும் திருச்சியைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

பட்டப்பகல்... அங்கேதான் இருக்கிறது விஷயம். பொழுது சாய்ந்துவிட்டால் ரேடியோ அலை வெகுதூரம் எட்டும்; ஓட்டைப் பெட்டியில்கூடக் கொழும்பு கேட்கும். இந்த மலையடிவாரத்தில், உச்சிவெயிலில் பாடட்டும் பார்க்கலாம்! எங்கள் வீட்டுக்காரர் கடையில் கேட்டதோ இருட்டிய பிறகு.

இத்தனைக்கும் இருபது வருஷமாக ஏலக்காய் வாங்குகிற மனுஷர். மூட்டையின் மேல்காயை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். ஒன்றை உடைத்து, விதையை மென்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் துண்டைத் தொடுவார். அவரைத்தான் ஒரு பச்சைக் கண் மயக்கிவிட்டது! சொந்தத் தொழிலில் புலியாக இருப்பவர்கள் மற்றவன் கடைவாசலை மிதித்ததும் ஏன் பூனையாகிவிடுகிறார்கள்?

"வேணாம்னு சொல்லிருங்க" என்றேன்.

"விரல் பிடிச்சாச்சு. இனி விலையோ தேதியோ மாத்திப் பேசுனா நாளைக்கு எவன் எனக்குக் காய் போடுவான்?"

அதுவும் நியாயம். அவர் பேச்சு சுத்தத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. சாதம் பரிமாறும்போது யோசித்தேன். பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். கடைசித் தட்டைக் கவிழ்க்கும்போது வழி கிடைத்தது.

புதன்கிழமை மத்தியானம் தனபால் புதுப் பெட்டியோடு வண்டியில் வந்து இறங்கினார். அழகான பெட்டிதான். பொய் சொல்லமாட்டேன்.

"தம்பி, போட்டுக் காட்டுங்க. ஒரு மணிக்கு மாதர் நிகழ்ச்சி வரும்."

"எதுக்குக்கா? அண்ணே நேத்தே கேட்டாகளே."

"அண்ணே கேட்டது சாம்பிள். இப்ப நீங்க இறக்கியிருக்கிறது மூட்டை. சாம்பிளும் மூட்டையும் ஒத்து வரலேன்னா, பிடிச்ச விரல் செல்லுமா?"

தனபால் உடனே பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஏனென்றால், செல்லாது! அது போடி வியாபாரத்தில் எழுதாத சட்டம். சாம்பிளும் சரக்கும் வேறு வேறானால் விரலும் இல்லை, விலையும் இல்லை, யாருக்கும் மானக்கேடும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

மணி ஒன்று. பச்சைக் கண் ஜம்மென்று விழித்தது. பெட்டிக்குள்ளிருந்து கடுகு தாளிக்கிற சத்தம். தனபால் குமிழைத் திருகினார். பெட்டியை ஜன்னலோரம் தூக்கி வைத்தார். கூடத்தின் நாலு மூலைக்கும் சுமந்தார். தாளித்துக்கொண்டே இருந்தது, குழம்பு மட்டும் வரவில்லை.

"உங்க மாடிக் கம்பியச் சொருகிப் பாப்பமாக்கா?"

"கம்பியே வேணாம்னுதான தம்பி மேல பணம் கேட்டீக?"

பழைய பெட்டியைப் போட்டேன். சூடாகும்வரை மூன்று பேரும் அதையே பார்த்தோம். மண்டையில் ஒரு தட்டு. யாரோ ஒரு அம்மாள் எலுமிச்சை ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று மணிமணியாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

தனபால் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். "சரக்கு ஒத்து வரலண்ணே. விரலை விட்டுட்டேன்" என்று அவர் வாயாலேயே சொல்லி, புதுப் பெட்டியை வண்டியில் ஏற்றினார். "நாளைக்குப் பவுனுத்தாயி பாட்டுக் கேக்க வாங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தார். கிட்டங்கிப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சும்மா உட்காரத் தெரியாத பவுனுத்தாயி ஒரு முறம் காயை மடியில் வைத்துக்கொண்டு பொறுக்கினாள். ரேடியோ அவள் பேரைச் சொன்னது. கை நின்றது.

பாட்டு வந்தது. ஒரு எழுத்துத் தேயாமல், ஒரு கரகரப்பு இல்லாமல் வந்தது. மாமியார்க்காரி பெட்டியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்து, "இவ வாயே தொறக்கலையே ஆத்தா!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் பாதி, ஜெயித்த கர்வத்தில் பாதி – ஒளிப்பானேன்?

பாட்டு முடிந்ததும் பவுனுத்தாயி எழுந்துபோய், உரிந்த வார்னிஷின் மேல் கையை வைத்தாள்.

"பாக்கத்தான் நெறம் மங்கிக் கெடக்குக்கா. ஆனா, மூட்டை அடி வரைக்கும் ஒரே மாதிரிக் காய்."

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்காரர் கடைவீதிக்கு எது வாங்கப் போனாலும், துண்டை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறார்!