நீலம் பாக்கி

யாராவது "சாப்பிடுங்க" என்று சொல்லாமல் எங்கள் தெருத் தையல்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கமாட்டார். பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போன காலத்திலிருந்து பார்க்கிறேன். மதியம் டப்பாவை எடுத்து மேசைமேல் வைப்பார். கடைக்கு வந்தவரிடம், "சாப்பிட்டாச்சா?" என்பார். "ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று பதில் வந்த பிறகுதான் கை கழுவுவார். யாரும் வராத நாளில் டப்பா மூடியபடியே வீடு திரும்பும். அவர் மனைவி, அத்தை, இருந்தபோது எப்படியோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்த நாள் முதல் அவர் தனியாள்.

வாடிக்கையாளரின் இடுப்பளவைச் சத்தமாகச் சொல்லவேமாட்டார். "போன வருஷம் தச்ச துணி சுருங்கிடுச்சு போல" என்று துணிமேல் பழி போடுவார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் நான். உணவியல் துறையில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று அப்பாவுக்கே விளக்க முடியவில்லை. தையல்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். பால், தயிரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குடலில் கொழுப்போடு சேர்ந்து சோப்புபோல் ஆகிவிடும். அதனால் கொஞ்சம் கொழுப்பு உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். எவ்வளவு போகிறது, பசியும் குறைகிறதா என்று பார்க்கிறோம். சாப்பாடு நாங்கள் தருவோம். மலத்தை மட்டும் மூடி போட்ட வாளியில் கொண்டுவந்து தர வேண்டும்.

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு உங்க அத்தை அப்பவே சொன்னா, பாப்பா. அதை எடை போட ஒரு காலேஜே வேணுமா?" என்றவர் மறுநாளே வந்துவிட்டார்.

துறையின் சாப்பாட்டு அறையில் ஒரு நீள மேசை. எல்லோருக்கும் ஒரே ரொட்டி, வெண்ணெய். முதலில் சுண்ணாம்புச் சத்து குறைவாக, பிறகு பாலும் தயிருமாகக் கூட்டி. பக்கத்து இளைஞனின் காலரைத் தடவி, "இதைத் தச்சவன் மேல கேஸ் போடலாம், தம்பி" என்பார். மேசையே சிரிக்கும்.

பசி எவ்வளவு என்று கேட்டுக் குறிப்பது என் வேலை. பால் கூடியும் மற்றவர்கள் பசியில் பெரிய மாற்றமில்லை. அவருக்கோ நாளுக்கு நாள் ஏறியது. "வீட்ல பசியே வராது. இங்க வந்து உக்காந்தா என்னமா கிள்ளுது!" இதை எந்தச் சத்தின் கணக்கில் எழுதுவது? பாடத்தில் இல்லையா, நான்தான் சரியாகப் படிக்கவில்லையா?

ஆய்வு முடிந்ததை ஒரு நீல மாத்திரை காட்டிக்கொடுக்கும். கடைசியில் அதை வீட்டில் விழுங்க வேண்டும். அதன் சாயம் இறங்கி வாளியில் நீலம் தெரிந்தால் அந்த ஆளுக்கு ஆய்வு முடிந்தது. தெரியும்வரை சாப்பாடு தொடரும். ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீள மேசையில் இப்போது அவரும் எதிரே நானும்தான். வாளி தவறாமல் வருகிறது. நீலம் மட்டும் பாக்கி.

"மாமா, இன்னுமா?"

"வரணுமே, பாப்பா. நான் என்ன வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றேன்?"

துறைத் தலைவி பொறுமை இழந்தார். "திங்கட்கிழமையும் வரலைன்னா அவரை ஆய்விலேருந்து எடுத்துடு. ரூமைப் பூட்டணும்."

ஞாயிறு விடுமுறை. அவருடைய ஆய்வுச் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுபோய், செய்தியையும் சொன்னேன். மெஷினை நிறுத்தினார்.

"ரூமைப் பூட்டிடுவாங்களா?"

அவர் பார்வை என் சட்டைக் கைக்குப் போனது. "பட்டன் எங்கே? படிச்ச பொண்ணு இப்படியா தெருவுல வருவே?" என்று பட்டன் டின்னைத் திறந்தார். வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவே நீல மாத்திரை கிடந்தது.

இருவரும் பார்த்தோம்.

"நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன், பாப்பா."

நான் கொண்டுவந்த தட்டின் மூடியை எடுத்தேன். "சாப்பிடுங்க, மாமா."

அவர் ஒரு வெள்ளைப் பட்டனைப் பொறுக்கிக்கொண்டார். மாத்திரையை விரலால் டின்னின் அடிக்குத் தள்ளி, மற்ற பட்டன்களை அதன்மேல் நிரவி, மூடியை அழுத்திவிட்டுக் கை கழுவ எழுந்தார்.