கடலுக்கு நான் அடைத்த வேலி

முதல் நாள்

கட்டட வேலைத்தளங்களில் பாதுகாப்பு உத்தியோகத்தராக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பிறந்தது புத்தூர். வெங்காயம் தெரியும், புகையிலை தெரியும், கடல் தெரியாது. எங்கள் பக்கத்து ஆழம் தெரியாத நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளைக் கடைசி வேலைக்குக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்களுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது.

வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே ஒரு சிறிய துறை அது. கரையில் கூரை போன பழைய ஐஸ் தொழிற்சாலை. அதிலிருந்து கடலுக்குள் நீண்ட கொங்கிறீற்று ஜெற்றி. இரண்டையும் உடைத்து அகற்ற வேண்டும். ஜெற்றிக்கு மேலே பிறேக்கர் பூட்டிய எக்ஸ்கவேற்றர் நின்று உடைக்கும். அது ஓய்ந்ததும் இரண்டு சுழியோடிகள் இறங்கி, தண்ணீருக்குக் கீழே தூண்களின் கம்பிகளை வெட்டுவார்கள். அந்த நேரம் தலைக்கு மேலே ஒரு படகு இஞ்சினோடு ஓடினால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே வேலை முடியும்வரை, காலையிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை, ஜெற்றியைச் சுற்றி நூறு மீற்றருக்குள் எந்தப் படகும் வரக்கூடாது என்று கட்டுப்பாடு. அதை அந்த ஊர்த் தொழிலாளிகளுக்குச் சொல்லிக் காப்பாற்றுவது என் பொறுப்பு.

சங்க மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். நான் எழும்பி, "தற்காலிகப் படகோட்டக் கட்டுப்பாடு" என்று நல்ல தமிழில் தொடங்கினேன். சங்கத் தலைவர் மயில்வாகனம் அண்ணை வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"புத்தூர்."

"அதுதானே பாத்தன். புத்தூரிலை வேலி அடைக்க இடம் முடிஞ்சுபோச்சோ? கடலுக்கு அடைக்க வந்திட்டியள்!"

மண்டபமே சிரித்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஓம் அண்ணை. எங்கடை ஊரிலை அடைச்ச வேலியைப் பிரிச்சுக்கொண்டு வாறது ஆடு மட்டும்தான். இஞ்சை ஆர் வருகினமெண்டு பாப்பம்."

அதற்கு எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் மயில்வாகனம் அண்ணைதான். கூட்டம் முடிய, கண்காணிப்புக்குத் தன்னுடைய படகையே வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் நல்ல சிநேகிதம். சண்டை பிடிக்காத நாள் குறைவு.

மிதவை வரவில்லை

எல்லை காட்டுவதற்குக் கொழும்பிலிருந்து செம்மஞ்சள் மிதவைகள் வர வேண்டும். "நாளைக்கு வரும் மிஸ்" என்று எஞ்சினியர் தம்பி ஒவ்வொரு நாளும் சொன்னார். வட்டுக்கோட்டைப் பிள்ளை, பண்பானவர், அதனால் ஏசவும் மனம் வரவில்லை. மிதவை வராமலே வேலை தொடங்கியது. கரையில் ஒரு பெரிய அறிவித்தல் பலகை மட்டும் நட்டிருந்தோம். வேகமாக ஓடுகிற படகில் இருந்து அதை யார் வாசிப்பது?

வேலையின் முதல்நாள் காலையே படகுகள் குறுக்கே போயின. ஒரு கண்காணிப்புப் படகு எத்தனையை மறிக்கும்? நான் ஒலிபெருக்கியைப் பிடித்து, "உள்ளுக்கை வராதையுங்கோ!" என்று தொண்டை கட்டக் கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் அவர்களுக்கு என்ன கேட்கும்? கரையில் ஒரு அக்கா கையாட்டுகிறா என்று நினைத்து அவர்களும் கையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு படகு, சுழியோடியின் மூச்சுக் குமிழி வந்துகொண்டிருந்த இடத்துக்கு மிகக் கிட்டவாகப் போனது. இருவரையும் மேலே ஏறச் சொல்லி வேலையை நிறுத்தினேன்.

எஞ்சினியர் தம்பி ஓடி வந்தார். "மிஸ், ஒரு நாள் நிண்டாலும் நான் மேலை பதில் சொல்லவேணும்."

"நீர் மேலை சொல்லும். கீழை நிக்கிற பொடியளின்ரை தாய்மாருக்கு நான் பதில் சொல்லவேணும்."

அன்றே வல்வெட்டித்துறைக் கடைக்குப் போய் மூங்கில் தடி, மிதப்பதற்கு ரெஜிபோம் துண்டு, கயிறு எல்லாம் வாங்கினேன். கொடிக்குத் துணி வேண்டும். சிவப்புக் கொடியும் கறுப்புக் கொடியும் அங்கே எல்லாப் படகிலும் இருக்கும், என்னுடையது தனியாகத் தெரியட்டும் என்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணியைத் தெரிந்தெடுத்தேன். அலுவலகத்தில் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டி, தடிகளில் கட்டினேன். மயில்வாகனம் அண்ணையின் படகில் கொண்டுபோய், அடியில் கல்லுக் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினோம். அலை ஆட்டியதில் நான் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். அவர் மரியாதையாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உது வலைக்கொடி மாதிரியெல்லோ கிடக்கு?"

"கொடி கொடிதானே அண்ணை."

அவர் அடுத்த கல்லை இறக்கினார். "நல்லதுதான். வலைக்கு மேலாலை ஒருத்தரும் ஓடமாட்டினம்."

அவர் சொன்னபடியே நடந்தது. அந்தக் கரையில் பின்னேரம் வலை போடுகிறவர், வலையின் மிதவையில் ஒரு கொடியை நட்டுவிடுவார். கொடியைக் கண்டால் கீழே ஒருவருடைய பிழைப்பு கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலால் யாரும் இஞ்சினை ஓட்டுவதில்லை. இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரமும் மறுநாளும் படகுகள் என் கொடிகளைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, வடிவாகச் சுற்றிப் போயின. சுழியோடிகள் நிம்மதியாக வேலை செய்தார்கள். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியாத புளுகம். எஞ்சினியரைக் கூப்பிட்டு, "உங்கடை கொழும்பு மிதவை அங்கேயே கிடக்கட்டும்" என்றேன்.

ராணி வந்த காலை

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் காலை நான் தளத்துக்குப் போனபோது, கொடிகளுக்கு வெளியே படகுகள் வரிசையாக நின்றன. எல்லாம் பக்கத்து ஊர்ப் படகுகள். இஞ்சின்களை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் சனம். நடுவில் ஒரு இளம்பெண், தலைமயிர் கூடக் கட்டாமல், கடலைப் பார்த்தபடி நின்றாள்.

அவள் பெயர் ராணி. அவளுடைய மனிசன் குகன் முன்தினத்துக்கு முதல்நாள் பின்னேரம் தனியாகக் கடலுக்குப் போயிருக்கிறான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். போனைச் சார்ச்சில் போட்டவன் எடுக்க மறந்துபோய்விட்டான். ஒரு நாள் பிந்துவது புதிதில்லை என்று பொறுத்திருந்தவளிடம், விடியப்புறம் யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள்: "குகன்ரை கொடி ஐஸ் பக்டரி ஜெற்றியடியிலை ரெண்டு நாளாய் எடுக்காமல் நிக்குது. படகைக் காணேல்லை."

ஜெற்றியடியில் நின்றது என் கொடி. நாங்கள் கட்டுப்பாட்டை அறிவித்தது எங்கள் துறைச் சங்கத்துக்கு மட்டும். பக்கத்து ஊருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் கண்டது, வலைக்காரன் திரும்பி வராத ஒரு வலையை. உடைத்த ஜெற்றியின் கம்பியில் படகு மோதித் தண்ணீருக்குள் தாண்டிருக்கும் என்று நினைத்து, கொடிகளுக்கு உள்ளே இறங்கித் தேட ஆயத்தமாக நின்றார்கள்.

நான் அவளிடம் போனேன். "தங்கச்சி, அது உங்கடை அவற்றை கொடியில்லை. நான் நட்ட கொடி."

"இல்லையக்கா. உந்தத் துணி நான் வல்வெட்டித்துறையிலை வாங்கி என்ரை கையாலை வெட்டினது. வேறை ஒருத்தரும் உந்தக் கலர் கட்டுறேல்லை. எனக்குத் தெரியாதோ?"

"நானும் அந்தக் கடையிலைதான் வாங்கினனான், பிள்ளை."

அவள் நம்பவில்லை. நான் பயத்தில் பொய் சொல்லுகிறேன் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். மயில்வாகனம் அண்ணை படகில் போய், ஒரு கொடியைத் தடியோடு பிடுங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் துணியின் ஓரத்தை விரலால் தடவினாள். நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது.

"இதுக்கு விளிம்பு அடிக்கேல்லை" என்றாள். "நான் மெசினிலை மடிச்சு அடிச்சுத்தான் குடுக்கிறனான். இல்லாட்டிக் காத்துக்குப் பிஞ்சுபோடும். இது அவற்றை இல்லை."

அப்படியே மணலில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தால் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவர் எங்கை?"

தேடப் போக வேண்டிய படகெல்லாம் விடிந்ததிலிருந்து என் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மயில்வாகனம் அண்ணைக்கும் அது விளங்கிவிட்டது. "நீரோட்டம் மேற்கை இழுக்குது! எல்லாரும் மேற்கை விடுங்கோடா!" என்று கத்தினார். எங்கள் துறைப் படகுகளும் சேர்ந்துகொண்டன. அவருடைய கண்காணிப்புப் படகும் போனது. அன்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் தொழில் செய்யவில்லை.

எஞ்சினியர் போனில் கூப்பிட்டார். "மிஸ், கண்காணிப்புப் படகு இல்லாட்டி நாங்கள் வேலை தொடங்கேலாதே?"

"ஓம், ஏலாது. அந்தப் பிள்ளையின்ரை மனிசன் வருமட்டும் இஞ்சை ஒரு சுத்தியலும் தூக்கப்படாது. உமக்கு வேணுமெண்டால் என்னை வேலையாலை நிப்பாட்டும்."

போன் வெட்டுப்பட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கேத்தில் நிறையப் பிளேன்ரீயும் ஒரு பை பணிசுமாகத் தானே தூக்கிக்கொண்டு வந்து, கரையில் நின்ற சனத்துக்கு ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பிள்ளையில் எனக்கு அன்றிலிருந்து தனி வாரப்பாடு.

ராணி ஜெற்றியடியை விட்டு அசையவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் அழுவாள், பிறகு அவனைத் திட்டுவாள். "போனை விட்டிட்டுப் போறவருக்கு மண்டைக்குள்ளை என்ன கிடக்கு? வரட்டும், செய்யிறன் வேலை." திட்டும்போது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆகவே நானும் சேர்ந்து திட்டினேன். முன்பின் காணாத ஒரு மனிதனை அவ்வளவு பேச்சுப் பேசியது அன்றுதான். பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன்.

மத்தியானம் திரும்பிய பிறகு என் போன் அடித்தது. மயில்வாகனம் அண்ணை. காற்று இரைச்சலுக்கு மேலால் அவருடைய குரல் கேட்டது.

"ஆள் இருக்கு, பிள்ளை! காங்கேசன்துறைக்கு நேரை வெளியிலை மிதந்துகொண்டு நிண்டவன். எண்ணெய்க்குள்ளை தண்ணி போய் இஞ்சின் நிண்டுபோச்சு. துடைச்சு வேறை எண்ணெய் விட்டிருக்கிறம். தானே ஓடிக்கொண்டு வாறான்!"

நான் ராணியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்திலேயே பார்த்துவிட்டாள்.

வலைக்காரி சொன்னது

படகுகள் கூட்டமாக வந்தன. எல்லாருக்கும் முன்னால் குகனுடைய படகு. ராணி கையைத் தூக்கினாள். அவன் கண்டுகொண்டு படகை நேரே அவளிடம் திருப்பினான். கொடிகளுக்குக் கிட்ட வந்ததும் இஞ்சினை நிறுத்தினான்.

இரண்டு இரவு கடலில் கிடந்து, குடிதண்ணீரும் முடிந்து, உதடு வெடித்து வந்த மனிதன் முதல் கேட்டது இதுதான்:

"ஆரடாப்பா என்ரை கலரிலை கொடி கட்டினது?"

"அது வலையில்லையப்பா! நேரை வாங்கோ!" என்று ராணி கத்தினாள்.

"ஆற்றையோ வலை! அறுத்துப்போட்டு ஆற்றை முகத்திலை முழிக்கிறது? நில்லும், சுத்தி வாறன்!"

"விசர் மனிசன்! ரெண்டு நாளாய்ச் செத்துச் செத்துப் பிழைக்கிறன், சுத்தி வாறாராம்!"

அவன் உண்மையாகவே படகைத் திருப்பத் தொடங்கினான். நான் ஒலிபெருக்கியை எடுத்தேன். அந்தக் கடற்கரைக்கு வந்த நாளிலிருந்து அதில் நான் கத்தியது ஒன்றே ஒன்று, உள்ளே வராதே என்று.

"தம்பி! அது என்ரை வலை! வலைக்காரி சொல்லுறன், மேலாலை வாரும்!"

"உண்மையாவோ அக்கா?"

"சத்தியமா! வாரும் ராசா!"

அவன் இஞ்சினைச் சரித்து, விசிறி தண்ணீருக்கு வெளியே வரும்வரை தூக்கினான். பிறகு தாங்குதடியை எடுத்து ஊன்றி, கீழே உண்மையிலேயே ஒரு வலை கிடப்பதுபோல, மெல்ல மெல்லக் கொடிகளைக் கடந்து வந்தான். ராணி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அக்கம்பக்கத்து ஊர்ச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் நானே நேரில் போய்க் கட்டுப்பாட்டைச் சொன்னேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. எல்லை போடப் போகிற பிள்ளைகள் அதை மறக்கக் கூடாது. பாதுகாப்பு என்றால் என்ன என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால், சட்டத்தையும் பலகையையும் நான் பிறகுதான் சொல்வேன். முதலில் குகனைச் சொல்வேன். வலை இல்லை என்று பெண்சாதி சொன்ன பிறகும், வரலாம் என்று வலைக்காரியே சொன்ன பிறகும், இஞ்சினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த மனிதன் அவன்.