மேல்மாடியிலிருந்து பார்த்தவள்

எங்கள் ஹபீலாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு வாய் ஓயாது. கெலிஓயாக்காரி. சோற்றுப் பார்சலைப் பிரித்தால் பாதி எனக்கு, கோபம் வந்தால் முழுவதும் எனக்கு. கண்டியில் ஒரு கம்பனியில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறோம். ட்ரோன் எடுத்த வீடியோக்களில் இது லொறி, இது ஆடு, இது ஆயுதம் என்று பெட்டி போட்டுக் குறிப்பதுதான் வேலை. அதைப் பார்த்துத்தான் ஏதோ ஒரு நாட்டு இராணுவத்தின் கம்ப்யூட்டர், எதைச் சுடலாம் என்று கற்றுக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டாள். திரையில் ஐம்பது அறுபது ஆண்கள், நீளமாக எதையோ தூக்கிக்கொண்டு வேகமாகப் போகிறார்கள். இந்த மாதிரிப் படங்களை நாங்கள் எல்லோரும் ‘ராக்கெட்’ என்றே குறித்து வந்தோம்.

“அடியே கிறேஸ், இது மையத்துடி! ஜனாஸாவ சந்தூக்குப் பெட்டில வெச்சு அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போறாங்க.”

“மேல இருந்து பாத்தா ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க பொம்புளைங்க மையத்து அடக்குற மையவாடிக்குப் போறதில்லையே. எங்கட வாப்பாவத் தூக்கிட்டுப் போனதையும் மேல்மாடி ஜன்னலால இப்படித்தான் பாத்தேன்.”



மனேஜர் முத்துலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், பாய்ந்து வந்தார். “உமக்கென்ன விசரோ? நாளைக்கு அனுப்ப வேணும். பேசாமல் குறியும், இல்லாட்டி வீட்டை போம்.”

“போறேன் சேர். ஆனா வாப்பாவத் தூக்கிட்டுப் போற புள்ள மேல குண்டு விழ நான் கை குடுக்க மாட்டேன். அந்த ஆமிக்காரங்களோட என்னைப் பேச விடுங்க.”

இரண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

“அப்ப நீரே சொல்லும்” என்று முணுமுணுத்துக்கொண்டே முத்துலிங்கம் வீடியோ அழைப்பு எடுத்தார். மறுபக்கம் அந்த இராணுவத்தின் அதிகாரி. ஹபீலா தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் வெளுத்து வாங்கினாள்: பத்தடிக்கு ஒருவர் தோள் மாறுவதைப் பாருங்கள், ராக்கெட்டுக்கு யாராவது இப்படி முண்டியடித்துத் தோள் கொடுப்பார்களா?

அதிகாரி அந்த வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். இதுவரை அனுப்பிய குறி ஒன்றுகூட கம்ப்யூட்டருக்குப் போகாது, எல்லாவற்றையும் இந்த அம்மா பார்த்த பின்தான் என்றார்.

நாங்கள் மேசையைத் தட்டிய தட்டில் கீழ்க்கடைக்காரர் ஏறி வந்துவிட்டார். “பிள்ளை, நீர் வெண்டிட்டீர்,” என்றார் முத்துலிங்கம்.

அடுத்த நாள் திருத்த உட்கார்ந்தோம். அந்த ‘ராக்கெட்’களில் அறுபத்திரண்டுக்குக் கீழே, குறித்தவர் என்று என் பெயர். ஆண்டவரே, அறுபத்திரண்டு வீட்டுச் சாவு! ஹபீலா ஒரு வார்த்தை திட்டவில்லை, கதிரையை நெருக்கிப் போட்டாள். நானே ஒவ்வொன்றாக அழித்து, ‘ஜனாஸா, சுடக் கூடாது’ என்று எழுதினேன்.