வடக்கு வேலி

அவரை 'அவர்' என்று எழுதுவது பழக்கதோஷம். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. மகளுக்குக் கல்யாணம் முற்றாகியிருந்தது. என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டையும் அதைச் சுற்றிய வளவையும் அவள் பேருக்கு மாற்ற, காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"காணி உங்கடைதான் அம்மா. ஆனா மனிசன்ரை கையெழுத்து வேணும். எங்கடை யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் அப்பிடி."

என் மனிதர் கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் போய், அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். மகளுக்குப் பல் விழுந்து முளைத்ததைக்கூடக் காணாதவர். என் தாயின் காணியை நான் என் மகளுக்குக் கொடுக்க அவருடைய தயவு வேண்டுமாம்.

என் அண்ணை கொழும்புக்குப் போய்க் கேட்டார். "முதல்லை அவளை என்னிலை விவாகரத்து வழக்குப் போடச் சொல்லுங்கோ. பிறகு கையெழுத்து வைக்கிறன்" என்று பதில் வந்தது. பிழை செய்தவர் தானாக அந்த வழக்கைப் போட முடியாது. நான் போட்டால்தான் அவர் மற்றவளை முறைப்படி கட்டலாம். பெற்ற மகளின் கல்யாணத்தை வைத்துப் பேரம் பேசினார். அன்றைக்கே முடிவெடுத்தேன், அவருக்கு அந்த விவாகரத்து கிடைக்கக் கூடாது.

வழக்குப் பார்க்கும் பிரக்கிராசியார் வழி சொன்னார். மனைவியைக் கைவிட்டுப் போனவன் சம்மதிக்க மறுத்தால், அவனுக்குப் பதிலாக நீதிமன்றம் சம்மதம் கொடுக்கலாம்.

"ஆனா உத்தியோகத்துக்குப் போனது கைவிட்டதாகாது எண்டு வாதாடுவினம். யாழ்ப்பாணத்து ஆம்பிளையள் அரைவாசிப் பேர் கொழும்பிலைதானே."

சம்மதம் கேட்டு வழக்குப் போட்டேன். அவர் பக்கத்தார் அப்படித்தான் வாதாடினார்கள். அவர் நெற்றி நிறைய விபூதியோடு கூண்டில் ஏறினார்.

"வருசா வருசம் லீவிலை வந்து நிண்டு வேலி அடைக்கிறனான், ஐயா."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சல்ல. எந்த எல்லை வேலி யாருடைய பொறுப்பு என்பது பரம்பரையாக வருவது. மாரி மழைக்கு முன் ஆண் ஒருவர் நின்று, தென்னோலையில் பின்னிய புதுக் கிடுகு கட்டினால் அந்த வீட்டுக்குத் தலைவன் இருக்கிறான் என்று அர்த்தம். நீதிபதியும் இந்த ஊர்க்காரர்தான், தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்காக வாதாட வந்த அப்புக்காத்து எழும்பினார்.

"எந்தப் பக்க வேலி உங்கடை பொறுப்பு?"

"வடக்கு வேலி."

"போன வருசமும் அடைச்சனீங்களோ?"

"ஓம். நான்தான் நிண்டு கிடுகு கட்டினன்."

அடுத்து வடக்கு வளவுக்காரரைக் கூப்பிட்டார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

"அதிலை வேலி இல்லை, ஐயா. மதிலெல்லோ நிக்குது. நான்தான் கட்டினனான். இப்ப பாசியும் பிடிச்சுப் போச்சு."

நீதிமன்றம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டும் சிந்தாமல் குடிப்பதுபோல.

நீதிபதி எனக்குச் சம்மதம் கொடுத்தார். மகளின் கழுத்தில் தாலி ஏறியது. அவர் ரோசத்தில் கொழும்பு உயர்நீதிமன்றத்துக்கு அப்பீல் கொண்டுபோனார். அங்கேயும் தோற்றார். தூரத்தில் வேலை பார்ப்பது வேறு, வீட்டைக் கைகழுவுவது வேறு என்று பெரிய நீதிபதிகள் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு அவருடைய பெயரிலேயே சட்டப் புத்தகத்தில் அச்சாகியது. அதற்குப் பிறகு, மனிசன் கையெழுத்துத் தர மறுத்து எந்தப் பெண் நீதிமன்றப் படி ஏறினாலும், அவள் பக்கத்து வக்கீல் என் மனிதரின் பெயரைத்தான் முதலில் உரத்து வாசிப்பார். அவர் அப்பீலுக்குப் போயிராவிட்டால் அந்தப் பெயர் எங்கள் ஊரோடு நின்றிருக்கும்.

தலை நரைத்த பிறகு ஒருநாள் வாசல் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"கொழும்பிலை இருக்கிறவளுக்கும் வயது போயிட்டுது. அந்த விவாகரத்து வழக்கைப் போட்டு என்னை விட்டுவிடன்."

"அதுக்கென்ன," என்றேன். "வடக்கு வேலியை அடைச்சுப்போட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."