இரண்டாம் முறை கேட்டவர்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா தென்காசியில் பிறந்தார். உளவியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது, "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கிறவள யாரு கட்டுவா?" என்றார் பெரியப்பா. அத்தான் கட்டினார். இருவரும் அமெரிக்காவில் சான் ரமோனில் குடியேறினர். மறுபடியும் படித்து, 2001இல் ஓக்லாந்தில் ஓர் அரசு மனநல நிலையத்தில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு மேலதிகாரி கிளெண்டா அம்மையார், கறுப்பினத்தவர். அந்தப் பகுதியின் கறுப்பின ஆலோசகர்களும் செவிலியர்களும் ஆளுக்கொரு மருத்துவமனையில் தனியாக இருந்தார்கள். பகலெல்லாம் கேட்ட துயரத்தை இறக்கி வைக்க இடமில்லை. அவர்களுக்காக அம்மையார் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கம் தொடங்கினார். எந்த அலுவலுக்கும் முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தாம் எப்படி இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். "ஃபைன்" என்றால் அம்மையார் மறுபடியும் கேட்பார்.

அக்காவும் அந்தக் கூட்டங்களுக்குப் போவார்; கறுப்பினத்தவர் அல்லாததால் அங்கே அவருக்கு வாக்குரிமை இல்லை. வருத்தமா என்று கேட்டேன். "அது அவங்க வீடுடா. நான் விருந்தாளி. புளியோதரை கொண்டு போவேன், சேர் எடுத்துப் போடுவேன், அது போதும்" என்றார்.

சங்கம் வளர்ந்தது. மனம் உடைந்தவர்களை அடையாளம் காணப் போதகர்களுக்குப் பயிற்சி அளித்தது. மனநோயுள்ள பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பாதீர்கள் என்று நீதிமன்றங்களில் பேசியது. பிறகு அரசு நிதி குறைந்தது. வேலை போனவர்களும் வாடகைக்குப் பயந்தவர்களும் ஊரை விட்டுப் போனார்கள். "இப்பல்லாம் பாதி சேரை மடிச்சே வச்சிருதேன்" என்று அக்கா போனில் சொன்னார்.

அந்தச் சிறிய வட்டத்தில்தான், வழக்கம்போல் "ஃபைன்" என்று சொல்லி, இரண்டாம் முறை கேட்கப்பட்டபோது, தமக்குப் புற்றுநோய் என்று அக்கா சொன்னார். எங்களுக்குத் தெரிய மேலும் சில மாதங்கள் ஆயின. எனக்குச் சங்கத்தார் மேல் கோபம்கூட வந்தது.

"எங்ககிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நம்ம வீட்டுல நல்லா இருக்கியான்னு கேப்போம். இருக்கேன்னு சொல்லுவோம். அதுக்கு மேல யாருடா கேட்டா?"

படுக்கையில் விழுந்தபின் அக்கா அதிக நாள் இருக்கவில்லை. இறுதிச் சடங்கு முடிந்த மாலை சங்கத்தார் அக்கா வீட்டுக்கு வந்தனர். மிஞ்சியிருந்த சிலர்தாம். அவர்களே நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். கிளெண்டா அம்மையார், ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுய்யா" என்றார் அம்மா.

சொன்னேன். அம்மையார் கையை விடவில்லை. "அம்மா, மறுபடியும் கேக்காங்க" என்றேன்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "நல்லா இல்ல தாயி" என்றார். அன்றுதான் அம்மா அழுதார்.

அக்காவைக் கடைசி வரை தாங்கிய அத்தானுக்கும், சமைத்துக் கொடுத்த சான் ரமோன் நண்பர்களுக்கும், அந்தச் சங்கத்தார்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரைப் படித்தபின் எங்களை அழைத்து நலம் கேட்பீர்கள். நலம் என்றுதான் சொல்வோம். தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள்.