தட்டில் நிலைக்காத செல்கள்

பெருநாள் அன்று பிரியாணிச் சட்டி அடுப்பைவிட்டு இறங்குவதற்குள் பர்வீன் பானு ஸ்கூட்டியை வெளியே எடுத்துவிட்டாள்.

"இன்னைக்குமாடி? வீடு நெறைய ஆளு வந்திருக்காக" என்று வாசலில் மறித்தார் அம்மா சைதுன் பீவி.

"அதுகளுக்குப் பெருநாளு தெரியாதும்மா. தீனி மாத்தலைன்னா செத்துப்போகும்."

'அதுகள்' என்று அவள் சொன்னது மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை. குழந்தைக்காகச் சிகிச்சை பெற்ற யாரோ ஒரு தம்பதி, தங்களுக்கு மிஞ்சிய கருவை ஆய்வுக்குக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து வெளியூரில் பெருக்கிய செல்கள் பர்வீன் வேலை பார்க்கும் காரைக்குடி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து இதயத் தசையை உருவாக்க வேண்டும் என்பதுதான் பர்வீனின் ஆராய்ச்சி. அதற்கு முதலில் அவை எதுவாகவும் மாறாமல் பெருக வேண்டும். நாள்தோறும் பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

செல்களோ சொன்னபடி கேட்கவில்லை. கூட்டம் கூட்டமாக, ஓரம் வழவழப்பாக இருக்க வேண்டியவை, சில நாட்களிலேயே ஓரம் கலைந்து, நடுவில் பழுப்பேறி, பெயர் தெரியாத எதுவாகவோ மாறிக்கொண்டிருந்தன. திரவத்தை மாற்றினாள். தட்டை மாற்றினாள். அவை ஒட்டி வளர அடியில் பரப்பும் எலிச் செல்களையும் மாற்றிப் பார்த்தாள். மூன்று வருஷம் இதிலேயே ஓடிவிட்டது.

"உனக்குக் கை இன்னும் பழகலம்மா" என்பார் வழிகாட்டியான பேராசிரியர் பூமிநாதன்.

குவைத்திலிருந்து கணவன் முஜிபுர் ரகுமான் பேசும்போதெல்லாம், "போதும், இங்குட்டு வந்துரு" என்பான். அவளுக்கு இருவர் மேலும் ஆத்திரம் வரும். தன் கைகளின் மேல் அதைவிட அதிகமாக வரும்.

மைக்கோபிளாஸ்மா என்றொரு கிருமி உண்டு. வடிகட்டியில் சிக்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தென்படாது, செல்களை மட்டும் நலிய வைக்கும். அது இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாமா என்று பர்வீன் பூமிநாதனிடம் கேட்டாள்.

"திரவம் கலங்குதா?"

"இல்ல சார். அது வந்தா கலங்காது."

"அப்பறம் பாக்கலாம்."

அந்த 'அப்பறம்' வரவே இல்லை. கடைசியில் அவளே பூமிநாதனிடம் சொல்லிவிட்டு, மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு பஸ் ஏறினாள். அங்கே கூடப் படித்த காளீஸ்வரி ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"இருக்குடி. நல்லாவே இருக்கு. மனுச வாயில இருந்து வர்ற வகை."

காரைக்குடியில் செல் வளர்க்கும் அறையில் வேலை பார்த்துக்கொண்டே பேசியவர்கள் பலர். அவளும் பேசியிருக்கிறாள். யாரிடமிருந்து வந்தது என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. கையிருப்பாக உறையவைத்திருந்த செல் குப்பிகளைச் சோதித்தபோது அவற்றிலும் அது இருந்தது.

பூமிநாதன் முடிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்தையும் அழிச்சிரு. புதுசு வாங்குவோம்." பழகாத கையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றிருந்தாள். அவர் மடிக்கணினியைத் திறந்துகொண்டார்.

தட்டு தட்டாக ப்ளீச்சிங் கரைசலை அவளே ஊற்றினாள். வீட்டில் அம்மா, "தொல்லை விட்டுச்சே, இனியாவது கொஞ்சம் ஓய்வா இரு" என்றபோது, தட்டிலிருந்த சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதிய குப்பி வர மாதங்கள் பிடித்தன. இந்த முறை செல்கள் வழவழப்பான ஓரத்தோடு வட்ட வட்டமாக வளர்ந்தன. மறுவாரமும் அப்படியே இருந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முதல் மாதமே பார்த்திருக்க வேண்டியதல்லவா இது என்ற எரிச்சல்தான் வந்தது.

ஆராய்ச்சிக் காலத்தை ஒரு வருஷம் நீட்டித்துக் கொடுத்தார்கள். இதயத் தசைக்கு அது போதாது என்று அவளுக்குத் தெரியும். விடுப்பில் வந்திருந்த முஜிபுரிடம் அதைச் சொன்னாள்.

"அப்ப குவைத்துக்கு எப்பத்தான் வருவ?"

"தெரியல மச்சான். கேக்காதீக" என்றாள். அவன் பைக்கைக் கிளப்பி, அவளை ஆய்வகத்தில் இறக்கிவிட்டான்.